ஆறு இலக்கம்

முதலில் செத்தது வட்டு.
மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது
ஒரு துள்ளு துள்ளும் அல்லவா, அந்தத் துள்ளலில்.
சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில், எங்கள் வரிசையில் மட்டும்
மூன்று ஃபிரிட்ஜ், நாயுடு வீட்டு கேட் மோட்டார்,
அப்புறம் என் கம்ப்யூட்டருக்குள்ளே
தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம்.

நான் பதறவில்லை.
நகல் எடுத்து வைத்தவன் நான்.
போன ஜூலையில் மூன்று இரவு
மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்து
எண்பத்து மூன்று ஜிபியை வெளிவட்டில் கொட்டி
செருப்புப் பெட்டியில், வரித் தாள்களோடு வைத்தவன்.

கடையில் வாங்கிய ஆட்டமென்றால் தகடு இருக்கும்.
கீறல் விழுந்தாலும் பற்பசை தேய்த்து ஓட்டலாம்.
இது காற்றில் வாங்கியது.
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ராண்டுக்கு
ஒரு ரசீது மின்னஞ்சல், அவ்வளவுதான் கைக்கு.

புது வட்டு போட்டு நகலைத் திருப்பி ஊற்றினேன்.
பச்சைக் கோடு ஊர்ந்தது.
கூரைமேல் குரங்குகள் ஓடின.
தொண்ணூற்றாறில் நின்று, யோசித்து,
நூறு.
பிறகு ஒரு வரி:
இந்த ஆட்டம் உங்களுடையதுதானா?

வீடு நிற்கிறது என் மேசைமேல்.
பத்திரம் யாருடைய பீரோவிலோ.

ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், என்றது,
நாற்பத்தெட்டில் முடியும் எண்ணுக்கு.

நாற்பத்தெட்டு பிரபாஷ்ணி.
கணக்குத் தொடங்கிய வருஷம் என் போன் அடகில் இருந்தது.
பிற்பாடு எல்லாவற்றையும் பிரித்தோம்,
கார், கட்டில், இரண்டு எவர்சில்வர் குடம்.
வக்கீலின் பட்டியலில் இது வரவில்லை.

பதினொரு மாதம் கழித்து அழைக்கிறேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வெங்காயம் எண்ணெயில் விழுகிறது.
“யாருக்கு என்ன ஆச்சு?” என்கிறாள் எடுத்ததும்.
யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு நம்பர் வந்திருக்கும். படி.

அடுப்பைக் குறைத்துவிட்டுப் படித்தாள். தமிழில்.
சனிக்கிழமைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் கற்ற எண்கள்,
குஜராத்தி சேலைக்கடைகளில்
எவ்வளவு வரை போகலாம் என்று கிசுகிசுக்க மட்டுமே உதவியவை.
மூன்று. ஒன்று. எட்டு. எட்டு. சைபர். ஐந்து.
தவறு, என்றது திரை.
இன்னொரு தரம், அதே ஆறு, அதே தவறு.
அதற்குள் எண் காலாவதி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
ஏழு, அவள் வாயில், எட்டு.
எட்டு வரிசைத் தட்டு என்று சொல்லி
ஏழு கொண்டுவந்து இறக்கிய வீடு;
என் அம்மா அதைக் கடைசி வரை விடவில்லை.

புது எண் கேட்டேன். இம்முறை இங்கிலீஷில் சொல், என்றேன்.
“டூ. செவன்…”
நிறுத்தினாள்.
“ஒன்பது வருஷம் தப்பாச் சொல்லியிருக்கேனா?
ஒரு நாளும் திருத்தலையே நீ.”
நேரம் ஓடுது, மிச்சத்தைச் சொல், என்றேன்.

திறந்தது.
கடல், கடலில் நிலா, அந்தப் பழைய வயலின்.
“புதிய ஆட்டம்” மட்டும் ஒளிர்ந்தது.
“தொடர்க” சாம்பல்.

நகலில் எல்லாம் இருந்தது, தீவு, காடு, காற்றின் சத்தம்.
நாங்கள் ஆடியது மட்டும் இல்லை.
அது வேறொரு கோப்புறையில், பெயருக்கு அடியில் பெயராகப் புதைந்து,
மொத்தமே இரண்டு எம்பி. எடுக்கத் தோன்றவில்லை.
மேகத்தில் ஏற்றும் வசதியை
டேட்டா மிச்சம் பிடிக்க அணைத்து வைத்ததும் நான்தான்.
இருநூற்றுப் பதினாறு மணி நேரம்.
இரண்டு பேரும் கல் சுமந்து கட்டிய படகுத்துறை.
அத்தைமார் பெயர் சூட்டி அவள் வளர்த்த ஆடுகள்.

“வந்துடுச்சா?”
வந்துடுச்சு.
“கோகிலம் இருக்காளா? கொம்பு ஒடிஞ்சது?”
இருக்கா, என்றேன். மேயறா.

பத்து மணி. இருட்டு.
திரை, ரவுட்டர், தெரு விளக்கு எல்லாம் ஒரே மூச்சில்.
போனில் மட்டும் வெங்காயம் பொரிந்துகொண்டிருந்தது.
“போச்சா அங்கே? இங்கே பன்னிரண்டுக்குத்தான்.
கீசரை அணைச்சு வை. திரும்பி வரப்போ துள்ளும்.”

சரி என்றேன்.
சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன்,
போனைக் காதிலிருந்து எடுக்காமல்.