எட்டுக்கு நாலு

காலைக் காட்சி விட்டதும்
நேராக என் கடைக்குத்தான் வந்தார்கள்,
செக்காலை ரோட்டு வெயிலைச்
சட்டையோடு உள்ளே இழுத்துக்கொண்டு.
கருவெளிக் காவலர், பாகம் ஒன்பது.
படம் நல்லாயிருக்கு என்று
ஒரு முகத்திலும் எழுதியில்லை.
நல்லாயில்லை என்றும் இல்லை.

"வெஸ்கா உயிரோட வர்றான்ணே"
என்றான் அடைக்கலம்,
பங்கு பிரித்து முடிந்த வீட்டுக்கு
மூத்தவன் திரும்பி வந்ததுபோல.

பதினோரு வருஷம் முன்னால்
நாலாம் பாகத்தில் செத்தான் வெஸ்கா.
கப்பலின் பின்கதவை
வெளியே நின்று தானே சாத்திவிட்டு
இருட்டில் ஒரேயொரு தரம் கையாட்டினான்.
அன்றைக்குச் சாயங்காலம்
புதுவயல் ஆலையில் சம்பளம் வாங்கின கையோடு
இதே அடைக்கலம் இதே ஸ்டூலில்
மூக்கை உறிஞ்சியபடி
கண்ணீர் அஞ்சலி அடிக்கச் சொன்னான்.
தோற்றம்: 3012.
மறைவு: பாகம் நாலு, இடைவேளைக்குப் பின்.
கீழே வட்டம் வட்டமாகப் பதினெட்டுத் தலை,
பாதிப் பேர் காதில் செல்போன்.
தியேட்டர் எதிரே கட்டினோம்.
பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகை தொங்கவிட்டுப் போனார்,
யாரோ பெரிய வீட்டு மாப்பிள்ளை என்று நினைத்து.

கோப்பு இன்னும் இருக்கிறது.
நான் எதையும் அழிப்பதில்லை.

"அந்த மறைவை எடுத்திருங்க.
'மீண்டு வந்த அண்ணனே'ன்னு பெருசாப் போடுங்க.
மெழுகுவத்தி வேண்டாம், வாணவேடிக்கை."

"எடுக்கக் கூடாது."
மெய்யம்மை. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள்.
ஸ்கூட்டர் சாவி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.
"அது வெஸ்காவே இல்லை.
குரலைக் கேட்டீங்களா?
'கதவைத் தொடாதே'ன்னு சொல்வானே,
அந்தக் கரகரப்பு எங்கே?
இவன் பல்பொடி விளம்பரம் மாதிரிப் பேசுறான்."

"டப்பிங் ஆளை மாத்தினா
அதுக்கு வெஸ்கா என்ன பண்ணுவான்?"

"செத்தவன் செத்தவனா இருக்கணும்.
மூணு நாள் சோறு இறங்கலை எனக்கு.
அதை எவன் திருப்பித் தருவான்?"

சிக்கந்தர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டான்:
உடுப்பில் காற்று நாற்பது நிமிஷம்,
அடுத்த கப்பல் வர ஆறு மணி நேரம்.
எப்படிக் கூட்டியும் வெஸ்கா பிழைக்கவில்லை.
டீ வந்தது. வடை வந்தது.
சண்டை வடையைத் தாண்டியும் போனது.

கடைசியில் ரெண்டு பிளெக்ஸ்.
அவனுக்கு வரவேற்பு, எட்டுக்கு நாலு.
அவளுக்கு மறுபடி அஞ்சலி, எட்டுக்கு நாலு.
ஒரே கம்பத்தில் முன்னும் பின்னுமாய்க் கட்டிக்கொள்ளட்டும்.
சதுர அடி பதினாலு ரூபாய்,
பழக்கத்துக்கெல்லாம் குறைப்பில்லை.

இருபது வருஷமாக இதே வேலை.
பேரை மாற்றியிருக்கிறேன்,
விட்டுப்போன மருமகனைச் சேர்த்திருக்கிறேன்,
வழுக்கைக்கு முடி வைத்திருக்கிறேன்.
மறைவை எடுக்கச் சொல்லி
ஒருத்தரும் வந்ததில்லை.

அழித்தேன்.
தோற்றம் மட்டும் இடது ஓரத்தில் நின்றது,
பக்கத்தில் ஆள் வருவதற்கு இடம் விட்டதுபோல.
நடுவுக்கு இழுக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பெஞ்சில் ஒருவர்,
கானாடுகாத்தானிலிருந்து வந்தவர்,
அரைமணி நேரமாய் மடியில் மஞ்சள்பை.
திரையை எட்டிப் பார்த்தார்.
"சின்ன வயசா இருக்கே. எந்த ஊரு?"
"வெளியூர்ங்க" என்றான் சிக்கந்தர்.
"பிழைச்சு வந்துட்டாரா?"

அடைக்கலம் மெய்யம்மையைப் பார்த்தான்.
சாவி சுற்றுவது நின்றது.
"ஆமாங்க" என்றாள்.

"நல்லது."
பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார்.
கல்யாணப் படத்திலிருந்து வெட்டின பெண் முகம்,
தோளில் வேறொருவர் கை மிச்சம்.
கையை எடுத்துவிடவா என்றேன்.
"இருக்கட்டும், என் கைதான்."

அளவு கேட்டேன்.
"அவங்களுக்குப் போட்டதே போடுங்க."