விடைக்குறிப்பில் இல்லாத வள்ளம்

நாகர்கோவில், விடைத்தாள் திருத்தும் முகாம்.
சோற்றுக்குப் பிறகு முப்பத்தோராவது தாள்.
ஜார் பீட்டரின் இளமைக்காலம், ஐந்து மதிப்பெண்.

பிறந்த ஆண்டு தப்பு.
நாலு வயதில் அப்பா போனதும்
பத்தில் அண்ணனோடு பாதி அரியணை கிடைத்ததும்
அதன் முதுகில் இருந்த ஓட்டைவழி
பதில் ஓதப்பட்டதும்
ஒரே வரியில்.

மீதி ஒன்றரைப் பக்கமும்
கொட்டிலில் கிடந்த பழைய வள்ளம்:
எத்தனை பலகை மாற்றணும்,
எங்கே கீல் அடைக்கணும்,
எதிர்க்காற்றில் பாயை எப்படித் திருப்பணும்.
கடைசியில், பென்சிலில்:
அங்கே புன்னை முளைக்காது சார்.

பெயர் மறைத்த தாள்.
முட்டமா, கொட்டில்பாடா, தூத்தூரா?
பக்கத்து மேசை சகாய டெல்பினிடம் நீட்டினேன்.
அவருக்கு ஊர் இனயம்.
சிவப்புப் பேனாவைக் காதில் செருகி
இரண்டு முறை வாசித்தார்.
"பலகைக் கணக்கெல்லாம் சரியாக்கும்."

இரண்டு போட்டிருந்தேன்.
அடித்து,
மூன்று.