மகமை

காணாமல் போன
நூற்று அறுபத்திரண்டு லிட்டருக்கு
நான் கணக்கு எழுத வேண்டும்.

கோட்டையூருக்குத் தெற்கே
செம்புறாங்கல் பாறையை வெட்டி இறக்கிய அறை.
ஒன்பது ஓக் பீப்பாய்கள்
சினை எருமைகள் போலப் படுத்திருக்கின்றன.
நிரப்பிய அன்று
ஒவ்வொன்றிலும் இருநூற்று இருபத்தைந்து லிட்டர்,
நானே நின்று எண்ணினேன்.
பதினெட்டு மாதம் கழித்து அளவுகோலை இறக்கினால்
பீப்பாய்க்குப் பதினெட்டு குறைகிறது.
தரையில் ஈரமில்லை.
ஓர் எறும்புகூட இல்லை.

உமையாள் சிரிக்கிறாள்.
இந்த மண்ணில் கொடி பிடித்தால் மீசையை எடுக்கிறோம் என்று
கம்பத்துக்காரர்கள் சொல்லிவிட்டுப் போக
ஏழு ஏக்கரில் பந்தல் போட்டவள்.
"மரம் மூச்சு விடும் தெய்வானை.
மே மாசம் கரண்டு போன ராத்திரியெல்லாம்
கூடவே விட்டிருக்கும்."
பிரான்சில் இதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம்.

என் பேரேட்டில் தேவதைகளுக்குப் பக்கம் கிடையாது.
மயில்களுக்கு உண்டு.
பழம் கறுக்கும் வாரத்தில் விரட்டப் போன மாரிக்கண்ணு
கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.
"மயில் வகையில், நானூறு கிலோ."
ஆடிட்டர் அதற்குச் சிரிக்காமல் டிக் அடித்தார்.

கசிவு என்று எழுதினால் பொய்.
தேய்மானம், இயந்திரத்துக்கு.
சேதாரம் என்று எழுதிப் பார்த்தேன்,
ஆசாரி அடுப்படியில் பொன்தூள் தேடுவது போல இருந்தது.
அடித்தேன்.

இதற்குள் சிங்கப்பூரிலிருந்து ஒருவர்
போன வருஷத்துப் பாட்டிலைப் பற்றி எழுதுகிறார்:
நாவற்பழம், சுருட்டுப் பெட்டி,
மழைக்கு முந்தின நிமிடம்.
நாவில் ஒரு சொட்டு படாத நான்
அதன் கீழே எழுதுகிறேன்:
இருபத்துநான்கு பாட்டில், முன்பணம் வரவு.
இந்த வருஷம் தேறுவது இரண்டாயிரத்து நானூற்று எண்பத்துநான்கு.
கேட்டு நிற்பவர்கள் நாலாயிரத்துக்கு மேல்.

ஆயத்தீர்வை ஆய்வாளர் அமலதாஸ்
செவ்வாய்க்கிழமை வந்தார்.
முத்திரைகளைத் தடவிப் பார்த்தார்.
பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.
அங்கே, முந்தின இரவு பதினொரு மணிக்கு
வேறு வார்த்தை கிடைக்காமல் எழுதியிருந்தேன்:

மகமை, 162.

லாபம் பார்க்கும் முன்பே
சாமிக்கென்று எடுத்துவைத்துவிட்டு
பிறகு திரும்பிக் கேட்காத தொகை.
இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"எந்தக் கோயிலுக்கும்மா?"

எனக்குப் பதில் வரவில்லை.
அவர் பீப்பாய்களைப் பார்த்தார்,
மேலே வெறும் கூரையைப் பார்த்தார்.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நிற்பவரைப் போல
ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்தார்.
சிவப்பு மையில் "விளக்கம் தேவை" என்று எழுதி
கையெழுத்துப் போட்டார்.

ஆறரை மணிப் பேருந்து. தேவகோட்டை.
பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்தவள்
ஸ்ரீராம் நகர் தாண்டுவதற்குள்
முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள்.
பிறகு எழுந்துபோய்
டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

முந்தானையை எடுத்து முகர்ந்தேன்.

நூற்று அறுபத்திரண்டில்
அரை லிட்டருக்காவது
ஆள் அகப்பட்டது.