களத்துக்கு மேல் மைனஸ் ஒன்பது

பேரிங் சூடு பார்க்க வாங்கியது
இந்தத் துப்பாக்கி.
தொட வேண்டாம். சிவப்புப் புள்ளி வைத்தால்
எண் சொல்லும்.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி
இடப்பக்கம் எங்கள் சேகோ மில்,
நான் ஃபிட்டர்.
ரோஸ்டர் தட்டு, மோட்டார், பாய்லர் குழாய்
ஒரு சுற்று முடிந்தால்
கை சும்மா இருக்காது.

மாசி. பகல் ஒன்றரை.
காலிக் களத்து சிமெண்ட் ஐம்பத்து மூன்று.
குச்சிக்கிழங்கு மாவு பரப்பிய களம் முப்பத்தேழு.
வெள்ளை வாங்கிக்கொள்வதில்லை,
வந்ததைத் திருப்பி விடுகிறது.
எங்கே என்று கேட்டால்
பூங்காவனத்தின் தாடையைப் பார்க்க வேண்டும்.
மேல்வெயிலுக்கு முக்காடு இருக்கிறது.
கீழிருந்து எழும் வெயிலுக்கு
ஒன்றும் இல்லை.
மூக்கின் அடியில், கழுத்து மடிப்பில்
கருத்துப்போயிருக்கிறாள்.
நெற்றி மட்டும் பழைய நிறம்.

பலகை இழுத்துக்கொண்டே கேட்டாள்:
"எனக்கு என்ன காட்டுது?"
புறங்கை முப்பத்தெட்டு.
"காய்ச்சலா?"
இல்லக்கா, வெயில்.
"அதுக்கு ஒரு மிஷினு"
என்று திரும்பிப் போனாள்.

வியாழக்கிழமை காலை
மூடி வைத்த குவியலெல்லாம் ஈரம்.
மழை இல்லை. எந்தக் குழாயும் கசியவில்லை.
மேஸ்திரி தாண்டவன் நகத்தால் கிள்ளிப் பார்த்து
பதினாறு மூட்டை தேறாது என்றார்.
தார்ப்பாய் சரியாகப் போர்த்தவில்லையாம்.
ஏழு பேருக்கும் ஒரு நாள் கூலி பிடித்தம்.
பூங்காவனம்தான் வாய் திறந்தாள்:
"மாசிப் பனி மச்சைத் துளைக்கும்பாங்க.
தார்ப்பாய் எம்மாத்திரம்?"
"பழமொழிக்கெல்லாம் கணக்கு எழுத முடியாது"
என்றார் மேஸ்திரி.

அன்றைக்கு ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கினேன்.
பத்து மணிக்குக் களம் இருபத்தாறு.
பகலெல்லாம் குடித்ததை
கண்ணுக்கு எட்டாத வெளிச்சமாக
விட்டுக்கொண்டே கிடந்தது.
அதன் மேல் வயிறு பரப்பிப் படுத்திருந்த நாய் முப்பது.
நாயும் வீசுகிறது,
சுவர் வீசுகிறது, தகரம் வீசுகிறது,
பீடி இல்லாத என் கையும்
இருட்டுக்குள் என்னவோ அனுப்பிக்கொண்டிருக்கிறது.
வடக்கே சேர்வராயன் கறுப்பாகக் கிடந்தது.
ஏற்காட்டு வளைவில் ஒரு லாரி விளக்கு
தெரிந்து, மறைந்து, கொஞ்சம் மேலே தெரிந்தது.
மலைக்கு நீட்டினேன், பதினேழு.
மலைக்கும் மேலே,
ஒரு பிசிறு மேகமும் இல்லாத இடத்துக்கு நீட்டினேன்.

மைனஸ் ஒன்பது.

பேட்டரியைக் கழற்றிப் போட்டேன்.
மைனஸ் ஒன்பது.

மூன்றரைக்குக் காற்று பத்தொன்பது,
தார்ப்பாய் பதிமூன்று.
ஒரு ஐஸ்கட்டியும் வைக்காமல்
காற்றைவிடக் குளிர்ந்திருந்தது,
ராத்திரி முழுக்க
வானத்தைப் பார்த்துக் கிடந்த ஒரே காரணத்துக்காக.
வேப்பங்கிளைக்கு அடியில் இருந்த இரண்டு முழம் மட்டும் பதினெட்டு;
அங்கே கை நனையவில்லை.
மற்ற இடத்தில் விரலால் கோடு இழுத்தேன்,
கோட்டில் தண்ணீர் ஓடியது.
ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தால்
உள்ளேயும் வியர்வை.
மாவின் சொந்த ஈரம் மேலேறி
குளிர்ந்த பாயில் முட்டி
சொட்டுச் சொட்டாக மாவுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

பேரிங் நோட்டில் எழுதிக் காட்டினேன்.
மேஸ்திரி இரண்டு தடவை படித்தார்.
மூங்கில் நட்டு, ஒரு முழம் இடைவெளி விட்டு
மேலே இன்னொரு தார்ப்பாய் கட்டச் சொன்னார்.
நல்ல யோசனை என்று முதலாளியும் சொன்னாராம்.
கூலி?
பிடித்தது பிடித்ததுதான்.

சனிக்கிழமை மதியம் பூங்காவனம் கேட்டாள்:
"ராத்திரி அத்தனை குளிரா இருக்கிற வானம்
பகல்ல எங்கதான் போவுது?"
சூரியனுக்கு முதுகு காட்டி நின்று
மலைப்பக்கம் உயரே நீட்டினேன்.
பூஜ்யத்துக்கும் ஒன்று கீழே.
இங்கேயேதான் இருக்கு அக்கா.
துப்பாக்கியை வாங்கினாள்.
கண்ணை இடுக்கிக்கொண்டு தானே ஒரு முறை அழுத்தினாள்,
எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.
பிறகு தன் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தி
படிக்காமலே என்னிடம் கொடுத்தாள்.
வடக்கு ஓரத்து மாவு
புரட்டச் சொல்லி விசில் வந்துவிட்டது.