பதம்

புகையிலைக் கிடங்காக இருந்த கட்டடம்.
இப்போது உள்ளே உலர்வது காகிதம்.
பேனாவை வாசலில் வாங்கிக்கொண்டார்கள்,
பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
சன்னலுக்கு வெளியே பிரிஸ்டல் மழை.
ஏவான் ஆறு அடிவயிற்றுச் சேற்றைக் காட்டிக்கொண்டு
கடலுக்குக் காத்திருக்கிறது.
அமெரிக்கக் குடியேற்ற வரலாறு, பள்ளிப் பதிப்பு:
நாற்பது பதங்கள், வெள்ளிக்கிழமைக்குள்,
சொல்லுக்கு ஏழு பென்ஸ்.

முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.
வர்ஜீனியாக் கரையில் ஆங்கிலேயர்
செடிக்கு முன்னால் ஆளை நட்டார்கள்.
அகராதி 'தோட்டம்' என்கிறது.
தோட்டம் என்றால் எனக்குக் கறிவேப்பிலை,
பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்கால்.
ஹட்டனில் பிறந்தவளுக்கு லயன் வரிசை.
அடித்தேன்.
'குடியேற்றம்' என்றெழுதி அதையும் அடித்தேன்.

'நலம் பயக்கும் அலட்சியம்' சட்டென்று வந்தது.
லண்டன் சட்டம் போடும், அப்புறம் எட்டிப் பார்க்காது,
சரக்கு வந்து சேர்ந்தால் சரி.
என் வீட்டுக்காரர் டெரெக் அதே கட்சி:
வாடகை ஒன்றாம் தேதி.
கொதிகலன் பற்றி மூச்சில்லை.

பதினோரு மணிக்கு நான் கேட்ட பெட்டி வந்தது.

ஒப்பந்தத்தை ஒரே தோலில் இருமுறை எழுதி
நடுவே கோணல்மாணலாக வெட்டுவார்களாம்.
பாதி எஜமானுக்கு, பாதி போகிறவளுக்கு.
வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.
பல்லோடு பல் பொருந்தினால் மெய்.
அந்தப் பல்லிலிருந்துதான்
ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே முளைத்தது.
நாம் செய்யுளைப் பதம் பிரிப்போம்.
இவர்கள் ஆளைப் பிரித்திருக்கிறார்கள்.

டாமசின் பக்ஸ்லி, பெட்மின்ஸ்டர்.
கையுறை தைப்பவள். நான்கு ஆண்டுகள்.
பெயர் எழுதத் தெரியாது.
ஒரு கோடு இழுத்து, மேலே இன்னொன்று இழுக்கையில்
தோல் வழுக்கியிருக்க வேண்டும்.
அவள் சிலுவை
சுவரில் சாய்த்த ஏணிபோல் நிற்கிறது.

கடல் தாண்டிய தலை ஒன்றுக்கு ஐம்பது ஏக்கர்:
'தலையுரிமை.'
தலை டாமசினுடையது.
ஏக்கர், கப்பல் கூலி கட்டிய ஸ்ட்ராங்வேஸுடையது.
தலைவரி, தலைச்சுமை, தலையெழுத்து...
நம் மொழியில் தலைக்குப் பின்னால் எது வந்தாலும்
தலைமேல்தான் ஏறி உட்காருகிறது.

கரையிறங்கிய முதல் கோடையில் காய்ச்சல் வரும்.
பிழைத்தவர்களைப் பதப்பட்டவர்கள் என்றார்கள்,
மரத்தைச் சொல்வதுபோல்.
பிழைக்காதவர்களுக்குச் சொல்லே இல்லை,
என் நாற்பதில் தேடிப் பார்த்தேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
நசுக்கிப் பார்த்த சோறு
பானைக்குத் திரும்புவதில்லை.

விளிம்பில் துணிப்பாம்பை வைத்து
தோலைத் திருப்பினேன்.
பின்புறம் வேறு மை, வேறு கை:
'அவள் பாதி. கொடுக்கப்படவில்லை.'

மேற்பார்வை மேசையில் கெரன்சா.
"அப்படியென்றால் தவணை முடிந்ததென்று
அங்கே அவள் எதைக் காட்டியிருப்பாள்?"
கெரன்சா கண்ணாடியைக் கழற்றி,
சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தாள்.
"நாலரைக்குப் பெட்டியைத் திருப்பிவிடுங்கள்."

தவணை முடிந்தால் மூன்று பீப்பாய் சோளம்,
ஓர் உடுப்பு, ஒரு மண்வெட்டி.
காலையில்தான் அதை
'விடுதலைப்படி' என்று எழுதியிருந்தேன்,
பயணப்படி பஞ்சப்படி மாதிரி,
கேட்டால் கிடைத்துவிடும் என்பதுபோல்.

நாடாவைக் கட்டுமுன்
ஒப்பந்தத்துக்கு எதிரே பழைய சொல்லொன்றை வைத்தேன்:
முறி.
பத்திரத்துக்கும் அதுதான் பெயர்.
கிளையை ஒடி என்று சொல்லவும் அதுதான்.
ஏழு பென்ஸ்.

வெளியே வந்தபோது கடல் திரும்பியிருந்தது.
பழுப்புத் தண்ணீர் சேற்றை மூடிக்கொண்டே
நகரத்துக்குள் ஏறியது.
தோட்டத்துக்கு எதிரே
இன்னும் இரண்டு அடித்தல்கள்தான்.