இரண்டு விரல் நிலம்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
ஊற்றினீர், ஆண்டவரே.
மூன்று இரவும் கை ஓயாமல் ஊற்றினீர்.
சோளக்கொல்லை போயிற்று.
கோழிக்கூண்டு, கோழியோடு போயிற்று.
பாலத்தில் எங்கள் பக்கத்துப் பாதி போயிற்று.
மாவு மூட்டைகளோடு அக்கரையில் ஒரு லாரி
எட்டு நாளாக நிற்கிறது.
ஓட்டுநர் கையசைக்கிறார்.
நாங்களும் அசைக்கிறோம்.

என்னிடம் இருப்பது ஒரு பால்பவுடர் டின்,
மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்தது.
உள்ளே விதைச் சோளம்.
என் பெண் தியமிக்கே அதைக் காதருகே வைத்து ஆட்டுகிறாள்.
"அம்மா, மழைச் சத்தம்."
நன்றி சொல்வோம் என்று பொருள் அவள் பெயருக்கு.
வெறும் சட்டியை அவள் வழித்து நக்கும்போது
பெயர் சொல்லி அழைக்க எனக்குக் கூசுகிறது.

பக்கத்துக் கூடாரத்து ஃபலேசி
தன் விதையை ஞாயிறன்றே வறுத்துவிட்டாள்.
அந்த வாசம் மூன்று நாள் என் துணியில் இருந்தது.
அவளைக் குறை சொல்லவில்லை.
அவளுக்கு ஐந்து வாய்.

ஆகவே இறங்கினேன்.
ஷீரே ஆறு எங்கள் ஊரைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் சதுப்பில்,
அல்லி இலைகளுக்கு அடியில், சேற்றில்,
ஞிக்கா கிழங்கு இருக்கிறது.
யாரும் நடாதது. வெள்ளம் தொடாதது.
எங்கள் பஞ்சத்துக்கென்றே நீர் ஒளித்துவைத்தது.
அங்கேயே முதலையையும் வைத்திருக்கிறீர்.
இதைப் பற்றி ஒருநாள் உம்மிடம் பேச வேண்டும்.

ஃபலேசியின் தம்பி ஃபோஸ்தினோ
போன வெள்ளிக்கிழமை
சிலுவைக்குறி போட்டுவிட்டுத்தான் இறங்கினான்.
சட்டை கிடைத்தது.
அதனால் எனக்குத் தெரியும்,
ஜெபம் வேலி அல்ல.
"எசினாத்தி, வேண்டாம்" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.
பயத்தைக் கரையில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லமாட்டேன்.
அதுவும் என்னோடுதான் இறங்கிற்று.

கொடுப்பவர் நீர்.
கொண்டுபோவதும் நீர்.
இடுப்புவரை நீருக்குள் நின்று
எந்த நீரிடம் கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்டேன்.

கால்விரலால் தேட வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.
வேர். கல். யாருடைய செருப்போ.
பிறகு உருண்டையாய் ஒன்று
உள்ளங்காலில் வந்து தட்டியது.
கூடை நிறையக் கேட்டிருந்தேன்,
பதினேழு கிடைத்தன.
ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கித் தலையை முக்கினேன்.
ஒவ்வொரு முறை எழுந்ததும்
முதலில் இடப்பக்கம் பார்த்தேன், பிறகு வலம்.
நம்புகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று
நீர் எங்கும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஒன்பது எங்களுக்கு, எட்டு ஃபலேசிக்கு.
வாங்கி மடியில் வைத்தவள்
வெகுநேரம் அவிக்கவில்லை.
தம்பியின் சட்டை கூடாரக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.
பிறகு குனிந்து அடுப்பை ஊதினாள்.
கிழங்கு கசக்கும். சேற்று வாடை போகாது.
தியமிக்கே முகத்தைச் சுளித்துச் சுளித்து மூன்று தின்றாள்.

விடியுமுன் போய்ப் பார்த்தேன்.
நேற்று தண்ணீர் விளிம்பில் நான் குத்திவைத்த குச்சி
இன்று தரையில் நிற்கிறது.
குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே
இரண்டு விரல் அகலம்
கருத்த வண்டல், பளபளவென்று,
இன்னும் எந்தக் காலும் படாமல்.

இரண்டு விரலில் என்ன விளையும்?
டின் இடுப்பில் இருக்கிறது.
மெழுகை நகத்தால் தொட்டேன்.
இன்னும் இல்லை.
அக்கரையில் லாரிக்காரர் எழுந்து முகம் கழுவுகிறார்.
இன்று நான் முதலில் கையசைத்தேன்.