மூன்று கோடு

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
குற்றம் நிகழக் காரணம்.
கீழே மூன்று கோடு.

இதே கேள்விக்கு
இரண்டாம் பருவத் தேர்வில் பதினோரு பக்கம் எழுதினேன்,
கூடுதல் தாள் வாங்கி, நூல் கோத்து.
வறுமை, சகவாசம், வாய்ப்பு,
இத்தாலியில் ஒருவர் மண்டையோடுகளை அளந்தது.
இருபதுக்குப் பதினேழு.

குற்றவியல் படிக்கிறேன் என்றதும்
எங்கள் வலங்கைமான் தெருவில் கேட்டார்கள்,
போலீசா?
இல்லை.
அப்ப வக்கீலா?
இல்லை.
அப்ப எதுக்கு?

பதினெட்டுப் பேர் படித்தோம்.
எஸ்.ஐ. தேர்வில் ஒன்றரை சென்டிமீட்டரில் தோற்ற ஜெகதீசன்
ஓசூரில் ஒரு வங்கிக்காக
பொய்க் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
மெர்லினுக்கு இரவு இரண்டு மணிக்கும் போன் வரும்,
பேருந்து நிலையத்தில் ஒரு குழந்தை தனியாக நிற்கிறது என்று.
அபுதாகிர் சிறைக்குள் நல அலுவலர்;
கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால்
வாசலில் என் கைப்பையைச் சோதித்தார்கள்.

நான் மன்னார்குடியில் நன்னடத்தை அலுவலர்.
ஓர் ஆளை நான்கு பக்கத்துக்குள் மடித்து
நீதிமன்றத்துக்குத் தர வேண்டும்.

இந்த ஆள் கோகுலவாசன், இருபத்து மூன்று.
வடுவூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகைப் பூட்டை உடைத்து
ஏழு கிலோ செம்புக் கம்பியை உருவி
நீடாமங்கலத்தில் எடைக்குப் போட்டவன்.
எடைக்கு வாங்கியவர் பெயர் வழக்கில் இல்லை.

'அந்த மோட்டாருக்குச் சித்திரையில
நாந்தான் மேடம் காயில் கட்டினேன்.
எத்தனை சுத்துன்னு இப்பவும் சொல்வேன்.'
குரலில் இருந்தது வெட்கமா, பெருமையா?
அதற்குக் கட்டம் கிடையாது.

முதல் நாள், பைக் தவணை என்றான்.
மறுமுறை, பட்டறையில் நாலு மாசக் கூலி பாக்கி என்றான்.
கிளம்பும்போது ஸ்கூட்டி வரை வந்து,
'தெரியல மேடம்' என்றான்.
மூன்று கோட்டுக்கு மூன்று பதில்.

பறிகொடுத்த வேம்பையனைப் பார்க்கச் சொல்லி
எந்தக் கேள்வியும் இல்லை. போனேன்.
மேட்டூர்த் தண்ணீர் வந்துசேர அப்போது பன்னிரண்டு நாள் இருந்ததாம்.
குறுவை நாற்றங்கால்
பன்னிரண்டு நாள் தாங்கவில்லை.
'உள்ள போடுங்க, வெளிய விடுங்க, அது ஒங்க பாடு.
கருகுன நாத்துக்கு எந்த செக்சன்?'
பாதிக்கப்பட்டோரியல் எங்களுக்கு விருப்பப் பாடம்.
நான் வேறு எடுத்திருந்தேன்.

பரிந்துரை எழுதினேன்:
ஓராண்டு கண்காணிப்பு, இழப்பீடு,
அந்த மோட்டாருக்கு அவனே மறுபடி காயில் கட்டித் தரட்டும்.
கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு
மாஜிஸ்திரேட் ஆணையிட்டார்.

மாதத்தின் முதல் திங்கள் கையெழுத்து.
ஆகஸ்டில் வந்தான்.
செப்டம்பரில் வந்தான், விரல் நுனியில் வார்னிஷ் காய்ந்திருந்தது.
அக்டோபரில் வரவில்லை.

போன் அணைந்திருக்கிறது.
திருப்பூர் போயிருப்பான் என்கிறது பட்டறை.
திரும்பும் வழியில் கொட்டகைக்குள் மோட்டார் ஓடும் சத்தம்.
இறங்கினேன்.

'ஒரு பய வந்தான். ரெண்டு ராத்திரி ஒக்காந்து கட்டினான்.
கூலின்னேன், வாங்கல.'
வேம்பையன் மடையில் மண்ணை வெட்டிப் போட்டார்.
'கம்பி ஏதுன்னு நான் கேக்கல.'
இன்னொரு வெட்டு.
'நீங்களும் கேக்காதீங்கம்மா.'

ஏழு கிலோ.
அவனிடம் ஏது பணம் என்று எனக்குத் தெரியும்,
நான்கு பக்கத்தில் நான்தானே எழுதினேன்.
வேறெங்காவது ஒரு மோட்டார்
இன்று வாயடைத்துக் கிடக்குமோ?
அல்லது, நாலு மாசக் கூலியைக்
கம்பியாய் வாங்கிக்கொண்டானோ?

தண்ணீர் என் செருப்பைத் தொட்டு, சுற்றிக்கொண்டு,
வயலுக்குள் போயிற்று.

அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தேன்.
அக்டோபர்க் கட்டத்தில் 'வரவில்லை' என்று
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
ஆறு மணி.
பேனாவுக்கு இன்னும் மூடி திறக்கவில்லை.